உடைந்த கல்லைச் சரிசெய்த குற்றம்

தையல்கார அக்கா விழுந்த விதத்தைப் பற்றி நகராட்சிக்கு ஒரு கருத்து இருந்தது. அவள் தன்னுடைய கவனக்குறைவால்தான் விழுந்தாள் என்பது அந்தக் கருத்து. அவள் விழுந்தபோது நகராட்சி சார்பில் அங்கே ஒரு ஈ, காக்கை கூட இல்லை. ஆனாலும் அடித்துச் சொன்னது. பெரிய இடங்களுக்கு இந்த வசதி உண்டு. நேரில் பார்த்தவர்களுக்குத்தான் சந்தேகம் எல்லாம் வரும்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். பெரிய சாலைக்குப் பின்னால், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், கதவை முழுக்கத் திறந்தால் தையல் மெஷினில் இடிக்கும்படியான ஒரு கடை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்த சட்டைக்குள்தான் வளர்ந்தார்கள். துணியில் கோடு போடாமலேயே வெட்டுவாள். கழுத்தில் அளவு நாடா தொங்குவது, வருகிறவர்களின் மனநிம்மதிக்காக. பையனை ஒரு சுற்று சுற்றச் சொல்லிப் பார்ப்பாள், அவ்வளவுதான். கத்தரிக்கோல் போகிற வேகத்தில் வாயும் போகும். "போன வருஷம் நீங்க தைச்சதுல பட்டன் தெறிச்சுப் போச்சுக்கா" என்று வருகிற அம்மாவிடம், "பட்டன் போகலம்மா, உன் பையனுக்கு வயிறு வந்துடுச்சு" என்பாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு; ஆனால் வேறு கடைக்குப் போனவர்கள் இல்லை. வேறு கடையில் சட்டை தோளில் உட்காராது.

கணவர் தளக்கல் பதிக்கிற மேஸ்திரி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது ஆஸ்பத்திரி அட்டையில் எழுதுவதற்கு மட்டும் பயன்பட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ரசமட்டம். தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரிகள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அதன் பெயர்தான் ரசமட்டம். மற்ற மேஸ்திரிகள் அதை வேலைக்கு எடுத்துப் போவார்கள். இவர் டீக்கடைக்கும் எடுத்துப் போவார். மேஜை ஆடினால் இவருக்கு டீ இறங்காது. காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார். உறவினர் வீட்டில் சுவரில் ஒரு படம் சாய்ந்திருந்தால் போதும், அங்கே யார் என்ன பேசினாலும் காதில் ஏறாது.

முதன்முதலில் அவர் அவளுடைய கடைக்கு வந்தது ஒரு கால்சட்டையைப் பிடித்துத் தைக்க. வந்தவர் சுவரில் இருந்த கண்ணாடியை நேராக்கி மாட்டிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி கோணலா இருந்துச்சுங்க."

"இத்தனை நாளா அதுல தெரிஞ்ச நான் நேராத்தானே இருந்தேன்?" என்றாள் அவள்.

அந்தக் கேள்விக்கு அவர் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

இனி விழுந்த கதை. தைத்த சீருடைகளை வீட்டிலேயே மூட்டையாகக் கட்டி, பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்கலாம் என்று கிளம்பியவள், பெரிய சாலை நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கினாள். அங்கே நடைபாதையில் ஒரு கல் நடுவில் விண்டு, ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. அது அப்படிக் கிடப்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெருநாய்கள் கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும். தெரியாத ஒரே ஆள் நகராட்சி. அன்று பேருந்து நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, சரியாக அந்தக் கல்லுக்கு நேராக நின்றது. மூட்டை மறைத்ததில் அவளுக்குக் கீழே தெரியவில்லை. ஒரு பாதியில் கால் வைத்தாள். மறு பாதி எழுந்து நின்று மரியாதை செய்தது. விழும்போதும் மூட்டையை விடவில்லை. ஒரு சட்டையில் கூட மண் படவில்லை. வலது மணிக்கட்டுதான் அடியில் மாட்டிக்கொண்டது.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் தன் இஷ்டத்துக்குச் சேர்ந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைப் போல, கிட்டக் கிட்ட வந்து தொடாமல் நின்றன.

"திறந்து உள்ளே தகடு வைக்கணும்மா," என்றார் டாக்டர். "சீக்கிரம் வைக்கணும். தள்ளிப் போட்டா விரல் இப்படியே நின்னுடும்."

"இப்படியே நின்னா என்ன பண்ண முடியும் டாக்டர்?"

"சாப்பிடலாம். கொஞ்சம் பழகினா எழுதலாம்."

"கத்தரிக்கோல் பிடிக்கலாமா?"

டாக்டர் அடுத்த நோயாளியின் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்தது. ஆபரேஷனுக்கு என்ன ஆகும் என்று வெளியே மேஜையில் கேட்டபோது ரசமட்டம் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கடையை விற்றாலும் அந்தத் தொகை வராது. கை இல்லாமல் கடையை வைத்துக்கொண்டும் பிரயோசனம் இல்லை. அன்று முழுக்க அவள் யாரையும் கிண்டல் செய்யவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தான் அவள் தம்பி. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். வக்கீலை விட அதிகமாகச் சட்டம் பேசுவான். வக்கீல் பேசினால் காசு கேட்பார். இவன் சும்மா பேசுவான்.

"அக்கா, பொது இடத்தைப் பராமரிக்காம விட்டு, அதனால ஒருத்தர் விழுந்தா, ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் நகராட்சிதான் குடுத்தாகணும். சட்டமே இருக்கு."

"இருக்கட்டும்டா. நடைபாதையும்தான் இருந்துச்சு."

"நீ பேசாம இரு, நான் பார்த்துக்கறேன்."

மனு எழுதினான், கொடுத்தான். பிறகு ஆதாரத்துக்குப் படம் எடுக்க அக்காவையும் மாமாவையும் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வழியாகப் போன ஒருவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னான். அற்புதமான படம். அக்காவின் வீங்கிய கை இருந்தது. அவள் முகத்தில் சொல்லி வரவழைத்த சோகம் இருந்தது. அநியாயத்தைச் சுட்டிக்காட்டும் தம்பியின் விரல் இருந்தது. அவனுடைய புது மூக்குக்கண்ணாடி பளபளத்தது. கல் மட்டும் இல்லை. கல்லை மறைத்துக்கொண்டு தம்பி நின்றிருந்தான். இதை யாரும் அப்போது கவனிக்கவில்லை. அவர்கள் படத்தில் மும்முரமாக இருந்தபோது, ரசமட்டம் கொஞ்சம் தள்ளி நின்று அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையெல்லாம் வேறு பக்கம் என்பதால் அவர் அதை அன்றுதான் முதலில் பார்க்கிறார். அவள் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். கை முறிந்ததிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிடுவது அவர்தான். நூல் பிடித்த மாதிரி வகிடு எடுப்பார். அவள் அம்மா கூட அப்படி எடுத்ததில்லை. அன்று வெயில் ஏறும்வரை தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் முழங்கால் வரை சிமெண்ட்டோடு, முகமெல்லாம் சந்தோஷத்தோடு வந்து நின்றார்.

"எங்கே போயிருந்தீங்க?"

"அந்தக் கல்லு."

"எந்தக் கல்லு?"

"உன்னைத் தள்ளிவிட்ட கல்லு. எடுத்துட்டுப் புதுசு வச்சுட்டேன். அடியில மண்ணு கெட்டியே இல்லம்மா, பாவம், அந்தக் கல்லு என்ன பண்ணும்? நல்லாக் குத்தி, கலவை போட்டு, நூல் கட்டி வச்சிருக்கேன். இனி லாரி ஏறினாலும் அசையாது. குமிழி நட்ட நடுவுல நிக்குது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத அன்பு அத்தனையும் அதில் இருந்தது. அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆபரேஷனுக்கு அவர் குழி வெட்டிவிட்டு வந்திருக்கிறார் என்பதும் கூடவே புரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இடது கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். வலது கையை வைக்க முடியாது.

தம்பி வந்து கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவசரமாகப் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தான். இப்படிப் பெரிதாக்கினான், அப்படிப் பெரிதாக்கினான். எவ்வளவு பெரிதாக்கினாலும் அவனே பெரிதானான்.

"கொலை நடந்த வீட்டைக் கழுவி வெள்ளையடிச்சுட்டு வந்து நிக்கறீங்களே மாமா!"

"இல்ல மாப்ளே, அடுத்த ஆள் விழுவாங்களே."

"விழட்டுமே! விழுந்தா நமக்குத்தானே சாட்சி!"

"வாயைக் கழுவுடா," என்று அதட்டினாள் அவள். "நான் விழுந்தது போதாதா?"

தம்பி அதோடு விடவில்லை. மாமாவே போய் அந்தக் கல்லை ஒரு போடு போட்டு உடைத்துவிட்டு வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றான். ரசமட்டம் அவனைப் பார்த்த பார்வையில், அந்த யோசனையை அவனே வாபஸ் வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு கட்டளை போட்டான். மாமா இனி இந்த விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது. பொதுச்சொத்தில் அனுமதியில்லாமல் கை வைப்பது குற்றம். அவர் பெயர் நகராட்சியின் மேஸ்திரிகள் பட்டியலில் இருக்கிறது; பள்ளிக்கூடத் தளம், ஆஸ்பத்திரி நடை என்று அவருக்கு வருகிற வேலையில் பாதி அந்தப் பட்டியலால் வருவது. கல்லைத் தொட்டவர் அவர்தான் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"கல்லு நல்லா இருந்தாலும் அடிப்பாங்களா?" என்று கேட்டார் ரசமட்டம்.

"நல்லா இருந்தா இன்னும் வேகமா அடிப்பாங்க மாமா."

நகராட்சியிலிருந்து ஓவர்சீயர் பார்வையிட வந்தார். குனிந்து பார்த்தார், காலால் மிதித்துப் பார்த்தார், தன் பையிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்துக் கல் மேல் வைத்தார். குமிழி எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்க ஒருவர் கழுத்தை நீட்டினார். அவள் இடது கையால் அவர் இடுப்பில் கிள்ளினாள்.

"அம்மா, நானும் எத்தனையோ நடைபாதை பார்த்திருக்கேன்," என்றார் ஓவர்சீயர். "இந்த மாதிரி ஒரு கல்லைப் பார்த்ததில்லை. இதுல ஒருத்தர் விழணும்னா முயற்சி பண்ணித்தான் விழணும்."

ரசமட்டத்தின் முகம் மலர்ந்தது. பாராட்டு என்று வந்துவிட்டால் அது யாரைக் குழியில் தள்ளுகிறது என்றெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர் அவள் விழுந்ததைப் பார்த்தவர். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவருடைய கடையே நடைபாதையில் அனுமதியில்லாமல்தான் நின்றது. ஓவர்சீயர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அன்று தான் கடையையே திறக்கவில்லை என்றார். ஓவர்சீயர் அவருக்கு நன்றி சொன்னார்.

சில நாளில் பதில் வந்தது. நடைபாதை மிகச் சிறந்த நிலையில் உள்ளது. மனுதாரர் தன் கவனக்குறைவால் விழுந்துள்ளார். ஆபரேஷன் போனது கூட அவளை அப்படிச் சுடவில்லை. அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தைதான் சுட்டது. எத்தனை ஆயிரம் சட்டை வெட்டியிருப்பாள், ஒன்றில் கைத்துவாரம் மாறியதுண்டா? விழும்போது கூட மூட்டையை விடாதவளுக்குக் கவனம் இல்லையாம். "மேல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட போடுடா மனுவை," என்றாள் தம்பியிடம்.

மேலே இருந்தது ஒரு விசாரணை அதிகாரி. மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த, நிதானமாகப் பேசுகிற ஒரு அம்மா. விசாரணை அறையில் நீளமாக ஒரு மேஜை. ஒரு பக்கம் ஓவர்சீயரும், சலவைச் சட்டையில் காண்ட்ராக்டரும். மறு பக்கம் இவர்கள் மூன்று பேர். அந்த நடைபாதையைப் புதுப்பிக்கும் வேலை போன வருஷம் இந்தக் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் பணம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். வேலை செய்ததுதான் யாருக்கும் தெரியாது. இப்போது ஓவர்சீயரின் அறிக்கை அவருக்கு மடியில் விழுந்த பழம்.

"அந்தக் கல்லை நான்தாங்க போட்டேன்," என்றார் பணிவாக. "வேலைன்னு வந்துட்டா நான் தரத்துல விட்டுக்கொடுக்கறதே இல்லை."

"விபத்து நடந்தப்போ அது உடைஞ்சு கிடந்துச்சு மேடம்," என்றான் தம்பி.

"இப்போ உடையலையே. யார் சரிபண்ணாங்க?"

தம்பி மனுவைப் புரட்டிப் பார்த்தான். விசாரணை அம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

ஒரு வார்த்தை. சொன்னால் கை கிடைக்கும். மனுஷருக்குப் பிழைப்பு போகும். அவள் பக்கத்தில் பார்த்தாள். ரசமட்டம் வாயை இறுக மூடிக்கொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்; அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு கை போனது போதும், இன்னொரு கையையும் நானே வெட்டிக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்தாள்.

"தெரியாதுங்க," என்றாள்.

விசாரணை அம்மா எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்தவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காண்ட்ராக்டர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மேலும் கொஞ்சம் பேசினார்.

"இதுக்கெல்லாம் பெரிய வித்தை ஒண்ணும் வேண்டாம் மேடம். அடியில வெறும் மணல்தான். மணலைக் கொட்டிக் கல்லை வச்சா அதுபாட்டுக்கு உட்கார்ந்துக்கும்."

நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது.

"மணலா?"

தம்பி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை தைத்தவள் கெட்டியாகத் தைத்திருந்தாள். கிழியவும் இல்லை, ஆளும் உட்காரவில்லை.

"அது என் கல்லுங்க," என்றார் ரசமட்டம். "நான்தான் வச்சேன். என் சம்சாரம் விழுந்தது அதுக்கு முன்னாடி இருந்த கல்லுல. அது ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. உடைஞ்ச துண்டை நான் தூக்கி எறியலைங்க. அடியிலேயே போட்டுக் குத்தி, அது மேலதான் கலவை போட்டிருக்கேன். எடுத்துப் பாருங்க, மணல் இருக்கா கல்லு இருக்கான்னு தெரியும்."

"யாரைக் கேட்டு வச்சீங்க?" என்று எகிறினார் ஓவர்சீயர்.

"யாரையும் கேட்கலைங்க. கேட்டிருந்தா இன்னும் உடைஞ்சேதான் கிடந்திருக்கும்."

விசாரணை அம்மா பேனாவை மூடி வைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அரசு உத்தியோகத்தில் அதை வேறு மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் இருமினார். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் கல்லை எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது.

வெளியே வந்ததும் தம்பி தலையில் அடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவள் படியில் நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க எழுந்தது என் கைக்கா, உங்க கல்லுக்கா?"

அவர் யோசித்தார். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு யோசித்திருக்க மாட்டான்.

"எழுந்தது கல்லுக்குத்தாம்மா," என்றார். "மணல்னு சொன்னதும் தாங்க முடியல. எழுந்த பிறகு உன் கை கண்ணுல பட்டுச்சு. அதனால உட்காரலை."

இந்த மனுஷருக்குப் பொய் சொல்ல வராது. அவள் வாழ்க்கையில் இருந்த பெரிய தொல்லையும் அதுதான், பெரிய சொத்தும் அதுதான். அன்று அவர் மேல் அவளுக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில் கூட வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, படியில் ஒரு ஓரம் சரிந்திருப்பதைக் காட்டினார்.

மறுநாள் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். நகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ரசமட்டம் குறுக்கே போய் நின்றுகொண்டார். "நீங்க தள்ளுங்க. ஓரம் போயிடும்." தானே உட்கார்ந்தார். கல் வரவில்லை. லாரி ஏறினாலும் அசையாது என்று அவர் சொன்னது உண்மைதான். போட்டவரே வந்தாலும் அசையாது என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. தன் வேலையோடு தானே மல்லுக்கட்டி, இணைப்பைக் கொத்தி, நெம்பி, சட்டை முழுக்க நனைந்து, கடைசியில் முழுசாகத் தூக்கி எடுத்தார். ஒரு முனை கூட உதிரவில்லை. அடியில் கலவையைத் தட்டினால் பழைய கல்லின் துண்டுகள், நகராட்சியின் அதே வரிபோட்ட கல், பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. காண்ட்ராக்டருக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது. பத்திரிகைக் கடைக்காரருக்கும் பார்வை திரும்பிவிட்டது; தான் எல்லாவற்றையும் பார்த்ததாகக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரசமட்டம் மட்டும் எடுத்த கல்லை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அழறீங்களா?"

"தூசி."

உத்தரவு வந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தை நீக்கப்பட்டது. ஆபரேஷன் செலவை நகராட்சி கொடுக்க வேண்டும். பொதுச்சொத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்ததற்காக ரசமட்டத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காண்ட்ராக்டரின் பெயர் நீக்கப்படவில்லை. அவர் பொதுச்சொத்து எதையும் தொட்டதற்கே ஆதாரம் இல்லை. எடுத்த கல்லை ஓவர்சீயர் ஆதாரப் பொருளாக எடுத்துப் போய்விட்டார். அலுவலகத்தில் அதை இரண்டு செங்கல் மேல் வைத்து, அதன் மேல்தான் எல்லோருக்கும் டீ வைக்கிறார்களாம். ஒரு சொட்டு சிந்துவதில்லையாம். பள்ளத்தில் உரிய முறைப்படி புதுக் கல் வைக்கப்படும் என்றும், அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றும் உத்தரவில் இருந்தது. ரசமட்டத்துக்காகவே எழுதிய வரி. இரண்டு குச்சி நட்டு ஒரு சிவப்பு நாடா கட்டினார்கள். நாடாவைக் காற்று கொண்டுபோனது. குச்சியை யாரோ கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பங்காளிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டார்கள். முன்பு போல வேகம் இல்லை. இப்போது கோடு போட்டுத்தான் வெட்டுகிறாள். வாய்க்கு மட்டும் பழைய வேகம் திரும்பிவிட்டது. ரசமட்டத்துக்குத் தனியார் வீட்டு வேலை எப்போதாவது வரும். வேலை இல்லாத நாட்களில் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுக்கிறார். பட்டன்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றன. பெரிய சாலைப் பக்கம் அவர் போவதில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் கை பரபரக்கிறது, அதனால் பேருந்து ஏறவே அடுத்த நிறுத்தம் வரை நடக்கிறார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு டீச்சர் கடை வாசலில் வந்து நின்றார். ஒரு காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். ஏறி வரவே சிரமப்பட்டார்.

"நகராட்சிகிட்ட நஷ்டஈடு வாங்கினது நீங்கதானேக்கா? எப்படி வாங்கினீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்க டீச்சர், உட்காருங்க. எங்க விழுந்தீங்க?"

"பெரிய ரோடு ஸ்டாப்புலதான். பிளாட்பாரத்துல ஒரு பள்ளம், சதுரமா, யாரோ அளவெடுத்து வெட்டின மாதிரி."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. தன் கை சரியானதற்கான விலையை இந்த டீச்சரின் கால் கொடுத்திருக்கிறது என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். நூலை முடிச்சுப் போட்டார், அறுத்தார், மெஷினுக்கு அடியிலிருந்து தன் வேலைப் பையை இழுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"அரை மூட்டை சிமெண்ட் போதும்மா. ஒரு மணி நேர வேலை."

அவள் நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டாள். டீச்சரின் காலைப் பார்த்தாள். கணவரின் பையைப் பார்த்தாள்.

"பையைக் கீழே வைங்க. இவங்க கேஸு முடியட்டும்."

"அது முடிய எவ்வளவு நாளாகுமோ. அதுக்குள்ள வேற யாராவது விழுந்தா?"

"விழுந்தா மனு குடுக்கட்டும்," என்றாள். சொன்ன பிறகுதான், தன் வாய்க்குள்ளிருந்து நகராட்சி பேசுவது அவளுக்கே கேட்டது.